கல்யாண வீடியோவை எங்கே வைப்பது? பேக்கப் வழிகள், ஓர் ஒப்பீடு

"ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போட்டுடலாமா, இல்ல கூகுளுக்கே மாசாமாசம் கட்டிடலாமா?" போனில் இடம் தீர்ந்துபோன உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: "டிஸ்க்குல போட்ட பிறகு போன்ல இருக்கிறத என்ன பண்ணுவீங்க?" "அழிச்சிடுவோம், அதுக்குத்தானே வாங்குறது" என்பார்கள்.

அதற்குப் பெயர் இடமாற்றம். நேற்று போனில் ஒரு நகல் இருந்தது, இன்று டிஸ்க்கில் ஒரு நகல் இருக்கிறது. எண்ணிக்கை கூடவே இல்லை. இதை நானும் செய்து, வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களைக் கட்-பேஸ்ட் செய்து வைத்திருந்த டிஸ்க், ஒருநாள் மேசையிலிருந்து தரையில் விழுந்தது. மறுபடி செருகியபோது டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. ரெகவரி கடையில் கேட்ட தொகைக்கு நாலு புது டிஸ்க் வாங்கலாம். படம் வரும் என்ற உறுதியையும் அவர்கள் தரவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. இன்று வேலை செய்துகொண்டிருக்கும் கோப்புக்கு இரண்டாவது பிரதி எடுப்பது ஒரு வேலை. இனி மாறப்போகாத ஒன்றை இருபது வருஷம் கழித்து எடுத்துப் பார்ப்பதற்காகப் பத்திரப்படுத்துவது வேறு வேலை. முதலாவது பேக்கப். இரண்டாவது ஆவணக் காப்பு. கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே டிஸ்க்கைத்தான் எடுத்துக் கொடுப்பார். ஆனால் தேவைகள் வேறு.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துபாருங்கள். பலரும் "டெராபைட் கணக்குல இருக்கு" என்பார்கள். உட்கார்ந்து பார்த்தால் 300 ஜிபி இருக்கும், அதிலும் பாதி வாட்ஸாப்பில் வந்த காலை வணக்கமும் திரும்ப இறக்கிக்கொள்ளக்கூடிய சினிமாவும். ஆதார், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றுக்கு டிஜிலாக்கர் இருக்கிறது, தொலைந்தால் மறுபடி வாங்கலாம். பாட்டியின் குரலில் வந்த வாய்ஸ் மெசேஜை எந்த அலுவலகமும் மறுபிரதி தராது. முதலில் காக்க வேண்டியது அது.

பிறகு, எந்த ஆபத்துக்குப் பயப்படுகிறோம் என்பது. டிஸ்க் பழுதாவது ஒன்று. தவறுதலாக அழிப்பது இன்னொன்று, உண்மையில் அடிக்கடி நடப்பது இதுதான். மூன்றாவது, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர். நாலாவது திருட்டு, தீ, வெள்ளம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் தரைத்தளத்து பீரோவுக்குள் ஆல்பம், டிவிடி, லேப்டாப் எல்லாம் ஒன்றாக நனைந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். எத்தனை நகல் இருந்தாலும் எல்லாம் ஒரே பீரோவில் இருந்தால் ஒன்றுதான். ஐந்தாவது, கூகுள், ஆப்பிள் கணக்குக்குள்ளேயே போக முடியாமல் பூட்டிக்கொள்வது.

செலவை ஐந்து ஆண்டுக்குக் கணக்குப் போடுங்கள், இந்த மாதத்துக்கு மட்டும் போடாதீர்கள். திரும்ப எடுக்க என்ன பாடு என்றும் பாருங்கள். நீங்கள் இல்லாதபோது வீட்டில் இன்னொருவர் திறக்க முடியுமா என்றும் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது ஒன்று: நீங்கள் மறந்துபோனாலும் அது நடக்குமா? ஏனென்றால் மறப்பீர்கள். நானும் மறக்கிறேன்.

## வெளி ஹார்ட் டிஸ்க்

விலையில் இதை அடிக்க ஆளில்லை. ஒரு டிபி (டெராபைட்) ஐந்தாறாயிரம் ரூபாய்க்குள் வந்துவிடும். நெட் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம், செருகினால் யாரும் பார்க்கலாம்.

ஆயுள்தான் சிக்கல். ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2013 முதல் தன் பழுதுக் கணக்கை வெளியிட்டுவருகிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு பழுதாகின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவை ஏசி அறையில் ஆடாமல் அசையாமல் ஓடுபவை, நம் வீட்டில் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப்போகும் டிஸ்க் இல்லை. மூன்று நாலு வருஷத்துக்கு மேல் ஓடினால் லாபம் என்று வைத்துக்கொண்டு, ஐந்தாம் வருஷம் புதிதாக ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றுவது நல்லது. இந்த மறுவாங்கலையும் செலவில் சேருங்கள். வாரன்டியை நம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை: வாரன்டியில் புது டிஸ்க் வரும், படம் வராது.

மறைவான செலவு உங்கள் நேரம். செருக வேண்டும், காப்பி செய்ய வேண்டும், சரியாக வந்ததா என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, மேக்கில் டைம் மெஷின், இரண்டிலும் ஓடும் ஃப்ரீஃபைல்சிங்க் போன்ற மென்பொருள்கள் இந்தப் பாட்டைக் குறைக்கும். சோம்பலில் டிஸ்க்கைச் செருகியபடியே விட்டுவிடாதீர்கள். ரான்சம்வேர் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும்.

ஒற்றை டிஸ்க் வாங்குவதாக இருந்தால் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். இரண்டு வாங்குங்கள், முடிந்தால் வேறு வேறு கம்பெனியில். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று ஊரில் அண்ணன் வீட்டிலோ மாமனார் வீட்டிலோ. இது மட்டும் நடந்துவிட்டால் ஹார்ட் டிஸ்க்கின் குறைகளில் பாதி தீர்ந்தது.

பென்டிரைவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஸ்டூடியோவிலிருந்து வீட்டுக்கு எடுத்துவர நல்லது, அலமாரியில் வருஷக்கணக்காக வைக்க ஆகாது. எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்க், வேகமானது, விழுந்தாலும் தாங்கும். ஆனால் அது தகவலை மின்னேற்றமாகப் பிடித்துவைக்கிறது, கரண்ட் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அந்த ஏற்றம் கசியலாம், சூடான அறையில் இன்னும் சீக்கிரம். அழித்ததை மீட்பதும் ஹார்ட் டிஸ்க்கைவிட எஸ்எஸ்டியில் கடினம். தினசரி வேலைக்கு எஸ்எஸ்டி, பரணில் வைக்க ஹார்ட் டிஸ்க்.

## கிளவுட்

இணையம் வழியே கூகுள், ஆப்பிள் போன்ற கம்பெனிகளின் கணிப்பொறியில் வைப்பதுதான் கிளவுட். மறந்தாலும் நடப்பது என்ற தேர்வில் முதல் மதிப்பெண் இதற்குத்தான். வைஃபை கிடைத்ததும் போன் தானே ஏற்றிக்கொள்கிறது. போன் திருடு போனாலும், வீட்டுக்குள் தண்ணீர் வந்தாலும் படம் பத்திரம்.

இனி செலவு. கூகுள் ஃபோட்டோஸில் கணக்கில்லாத இலவசம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது. ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். அதற்கு மேல் வாடகை. 100 ஜிபிக்கு ஆண்டுக்கு ₹1,300 அளவில், 2 டிபிக்கு ₹6,500 அளவில். படிக்கட்டின் அமைப்பைக் கவனியுங்கள்: 200 ஜிபிக்கு அடுத்த படி நேராக 2 டிபி. ஆப்பிளின் ஐகிளவுடிலும் இதே தாவல்தான். உங்களிடம் 210 ஜிபி இருந்தால் அந்தப் பத்து ஜிபிக்காக 2 டிபி வாடகை கட்டுவீர்கள். ஐந்து ஆண்டில் அது ₹32,500. வாட்ஸாப் ஆண்ட்ராய்டு பேக்கப்பும் இப்போது அதே இடத்தைத்தான் தின்கிறது.

பணம் கட்டுவதை நிறுத்தினால்? உடனே ஒன்றும் ஆகாது. புதிதாக எதுவும் ஏறாது, மெயில்கூட நின்றுபோகும். இரண்டு ஆண்டு அப்படியே கிடந்தால் கூகுள் அழிக்கலாம். கணக்கையே இரண்டு ஆண்டு திறக்காவிட்டாலும் அழிக்கும் கொள்கை 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. காலமான ஒருவரின் கணக்கில் இருக்கும் படங்களை நினைத்துப் பாருங்கள்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு கண்ணி உண்டு: சிம். கணக்குக்குள் போக ஓடிபி வேண்டும், ஓடிபி வர நம்பர் உயிரோடு இருக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடும். அம்மாவின் பழைய நம்பரில் தொடங்கிய கணக்கு என்றால் இன்றே மாற்றுங்கள். வாட்ஸாப் பேக்கப்பையும் டிரைவில் திறந்து ஒவ்வொரு கோப்பாகப் பார்க்க முடியாது, அதே நம்பரில் மீட்டால்தான் உண்டு. அந்த வாய்ஸ் மெசேஜைத் தனிக் கோப்பாக வெளியே எடுத்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

இன்னும் மூன்று இடத்தில் கால் வழுக்கும். ஒன்று, தரம். "ஸ்டோரேஜ் சேவர்" போட்டிருந்தால் பெரிய படங்கள் 16 மெகாபிக்சலுக்கும் வீடியோ 1080க்கும் சுருங்கும், கிளவுடில் ஒரிஜினல் இருக்காது. இரண்டு, ஒத்திசைவு. போனில் அழித்தால் கிளவுடிலும் அழியும், குப்பைத்தொட்டியில் ஃபோட்டோஸ் 60 நாளும் டிரைவ் 30 நாளும் வைத்திருக்கும், பிறகு இல்லை. பேரன் விளையாட்டாக அழித்ததை மூன்று மாதம் கழித்துக் கவனித்தால் பயனில்லை. மூன்று, "இடத்தைக் காலியாக்கு" பட்டன். அதை அழுத்தியதும் கிளவுடில் இருப்பதே ஒரே பிரதி. தொடக்கத்தில் சொன்ன இடமாற்றம் இங்கும் வந்துவிட்டது.

வெளியே எடுப்பதும் லேசில்லை. கூகுள் டேக்அவுட் வழியாகக் கேட்டால் ஜிப் துண்டுகளாக வரும், அந்த இணைப்பு ஒரு வாரத்தில் காலாவதி. ஃபோட்டோஸுக்குள் நீங்கள் திருத்திய தேதி, குறிப்பு எல்லாம் படத்தில் ஒட்டாமல் பக்கத்தில் தனிக் கோப்பாக வந்து விழும். ஏற்றுவதும் அப்படித்தான்: 40 எம்பிபிஎஸ் அப்லோடில் 300 ஜிபிக்குப் பதினேழு மணி நேரம். தினம் 2 ஜிபி தரும் மொபைல் பேக்கில் ஐந்து மாதம்.

இத்தனை சொன்ன பிறகும், போன் கேமராவுக்கு நான் கிளவுடைத்தான் சிபாரிசு செய்வேன். புதிதாக எடுத்த படம்தான் இரண்டாவது பிரதி இல்லாமல் அலைகிறது. அதை அன்றைக்கே பத்திரப்படுத்த வேறு வழி எதுவும் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்வதில்லை.

## நாஸ் பெட்டி

வீட்டு வைஃபையில் மாட்டி, இரண்டோ நாலோ டிஸ்க் போட்டு, எல்லோருடைய போனும் லேப்டாப்பும் அதில் கொட்டும்படி வைக்கும் பெட்டி. (அமெரிக்க விண்வெளிக்காரர்களோடு சம்பந்தமில்லை.) தொழில்நுட்ப ஆர்வலர்களுக்கு இதன்மேல் ஒரு தனிக் காதல். எனக்கும் உண்டு, அதனால்தான் எச்சரிக்கையாகச் சொல்கிறேன்.

இரண்டு டிஸ்க் போடும் பெட்டியும் 4 டிபி டிஸ்க் இரண்டும் சேர்த்தால் நாற்பதாயிரத்தை நெருங்கும். இரவும் பகலும் ஓடுவதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 யூனிட் கரண்ட். கரண்ட் சட்டென்று போனால் பழுதாகாமல் இருக்க யுபிஎஸ். மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க ஒரு ஆள், அந்த ஆள் நீங்கள்தான்.

ரெய்டு போட்டு ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதவைத்தால், ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றொன்று காப்பாற்றும். அவ்வளவுதான் அதன் வேலை. நீங்கள் ஒன்றை அழித்தால் அந்த நொடியே இரண்டிலும் அழியும். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகளை இணையம் வழியே யாரோ துடைத்தெடுத்தார்கள், வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தபோது பெட்டி காலி. 2022 ஜனவரியில் க்யூநாப் பெட்டிகளை டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் பூட்டியது. நாஸ் வைத்தால் அதை வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள், அதற்கும் தனியாக ஒரு பேக்கப் வையுங்கள்.

இது யாருக்கு? கல்யாண போட்டோகிராபருக்கு. ஒரு முகூர்த்தத்துக்கு 4கே வீடியோவோடு முந்நூறு ஜிபி சேரும் தொழிலில் கிளவுட் கட்டுப்படியாகாது, டிஸ்க்கை மாற்றி மாற்றிச் செருகினால் எது எதில் என்று தெரியாது. ஆளுக்கொரு லேப்டாப் வைத்து வேலை செய்யும் சிறு அலுவலகத்துக்கும் சரி. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது அதிகம்.

## டிவிடி, ப்ளூரே, டேப்

எழுதியதை மாற்ற முடியாது என்பதே குறுந்தட்டின் பலம். ரான்சம்வேர் தொடாது, தவறுதலாக அழியாது. எம்-டிஸ்க் என்ற வகைக்கு ஆயிரம் ஆண்டு ஆயுள் என்று விளம்பரம் செய்தார்கள். அதைக் கொண்டுவந்த மில்லேனியாட்டா நிறுவனம் 2016இல் திவாலானது. எழுதக்கூடிய ப்ளூரே தட்டுகளின் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. தட்டு ஆயிரம் ஆண்டு இருக்கட்டும், அதைப் படிக்கும் டிரைவ் இன்றைய லேப்டாப்பிலேயே இல்லை. 2008 கல்யாண டிவிடியை வைத்துக்கொண்டு பிளேயர் தேடாத வீடு எது? தட்டில் நம் கடலோர ஈரம் ஏறுவது வேறு.

பனையோலை நம் தட்பவெப்பத்தில் சில நூற்றாண்டு தாங்கும். சங்கப் பாட்டு அதற்கும் அப்பாலிருந்து வந்திருக்கிறது என்றால், தலைமுறைக்கு ஒருவர் உட்கார்ந்து பழைய ஏட்டைப் புது ஏட்டில் பெயர்த்தெழுதியிருக்கிறார். பெயர்க்க ஆளில்லாதவை செல்லரித்துப் போயின, ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. ஆயிரம் ஆண்டுத் தட்டு என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த எழுத்தாளர்கள் ஞாபகம் வரும்.

எல்டிஓ என்ற காந்த டேப் தொலைக்காட்சி நிலையங்களுக்கும் பெரிய ஆவணக் காப்பகங்களுக்கும் உரியது. எல்டிஓ-9 டேப் ஒன்றில் 18 டிபி அடங்கும், ஆனால் டிரைவ் விலை லட்சங்களில். தாண்டிப் போகலாம். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் போன்ற, அரிதாக எடுக்கும் கோப்புகளுக்கான கிளவுட் கிடங்குகளில் வைப்பதற்கு டிபிக்கு மாதம் ஒரு டாலர் அளவில்தான். எடுக்கும்போது தெரியும்: வழக்கமான முறையில் பன்னிரண்டு மணி நேரம் வரை காத்திருப்பு, வெளியே இறக்க ஜிபிக்கு ஒன்பது சென்ட் அளவில், அதாவது ஒரு டிபிக்கு 90 டாலர். கிட்டத்தட்ட எடுக்கவே போவதில்லை என்ற கடைசிப் பிரதிக்கு மட்டும் பொருந்தும், அதுவும் அந்த மெனுக்களைக் கண்டு மிரளாதவர்களுக்கு.

## ஒரே பார்வையில்

| | இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டு வீடு | கிளவுட் 2 டிபி | நாஸ், இரண்டு டிஸ்க் | ப்ளூரே தட்டு |
|---|---|---|---|---|
| ஐந்து ஆண்டுச் செலவு (தோராயம்) | ₹10,000–15,000 + ஐந்தாம் வருஷ மறுவாங்கல் | ₹32,500 | ₹40,000 + கரண்ட், யுபிஎஸ் | டிரைவோடு சேர்த்தால் மலிவில்லை |
| மறந்தாலும் நடக்குமா | நடக்காது | நடக்கும் | ஓரளவு | நடக்காது |
| டிஸ்க் பழுது | தாங்கும் | தாங்கும் | தாங்கும் | பொருந்தாது |
| தவறுதலாக அழித்தல் | கழற்றி வைத்திருந்தால் தாங்கும் | 30–60 நாள் வரை | பழைய பதிப்பு வைக்கும் வசதியைப் போட்டிருந்தால் | தாங்கும் |
| ரான்சம்வேர் | கழற்றி வைத்திருந்தால் தாங்கும் | ஓரளவு | ஆபத்து | தாங்கும் |
| வெள்ளம், தீ, திருட்டு | தாங்கும் | தாங்கும் | தாங்காது | ஒரே வீட்டில் என்றால் தாங்காது |
| வீட்டில் இன்னொருவர் திறக்க | எளிது | பாஸ்வேர்ட், ஓடிபி வேண்டும் | சிரமம் | டிரைவ் இருந்தால் |

## யாருக்கு எது

பீட்டர் க்ரோக் என்ற போட்டோகிராபர் பரப்பிய 3-2-1 கணக்கு இன்றும் செல்லுபடியாகும்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் என்றால் நிஜமாகவே வேறு இடம். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயின.

சாதாரணக் குடும்பத்துக்கு என் தீர்ப்பு: போனுக்கு 100 அல்லது 200 ஜிபி கிளவுட், மொத்தச் சேமிப்புக்கு இரண்டு டிஸ்க். 2 டிபி வாடகைக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் பழைய வருஷத்தை இரண்டு டிஸ்க்கிலும் ஏற்றி, சரிபார்த்த பிறகு கிளவுடில் பெரிய வீடியோக்களை மட்டும் நீக்கினால் அதே சிறு திட்டத்தில் பல காலம் ஓட்டலாம். கணிப்பொறியைத் தொடவே விரும்பாத பெரியவர்களுக்கு இது ஒத்துவராது, அவர்களுக்கு முழுக்கக் கிளவுடே மேல், செலவு ஆனாலும். அவர்கள் காலத்துக்குப் பிறகு கணக்கில் இருப்பதை இன்னொருவர் எடுக்க வழி தரும் வசதியை, கூகுளின் செயலற்ற கணக்கு மேலாளரையோ ஆப்பிளின் லெகசி கான்டாக்டையோ, அவர்கள் கணக்கில் அமைத்து உங்கள் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

போட்டோகிராபருக்கு நாஸ், அதோடு வேறிடத்தில் ஒரு டிஸ்க். பட்டுவாடா முடிந்த கல்யாணத்தை எத்தனை காலம் வைத்திருப்பீர்கள் என்று வாடிக்கையாளரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க இலவசக் கிடங்கு நடத்துவீர்கள்.

டிடிபி செய்பவர்கள், சிறு பதிப்பகத்தார், கோயில் மலர் போட்டவர்களுக்குத் தனிச் சிக்கல். கோப்பு பத்திரமாக இருக்கும், திறந்தால் தமிழ் இருக்காது. பாமினியிலோ வானவில்லிலோ ஸ்ரீலிபியிலோ அடித்த பக்கத்தை அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பு 2001இல் வந்தது. எல்லாக் கணிப்பொறிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசே 2010இல்தான் முறையாக ஏற்றது என்றால், அதற்கு முந்தைய தட்டச்சுகளின் கதியை யோசித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் எது என்று கேட்பதற்கு முன்னால் மூன்று காரியம்: உரையை யூனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதி, பக்கத்தை எழுத்துரு பொதிந்த பிடிஎஃப்பாக ஒரு பிரதி, மூல எழுத்துருக் கோப்பையும் அதே போல்டரில். பிடிஎஃப் மட்டும் போதாது, கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடினால் கிடைக்காது.

எந்த வழியானாலும் திரும்ப எடுத்துப் பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறான சர்வரில் தரவை அழித்துவிட்டார். ஐந்து வகைக் காப்பு ஏற்பாடு இருந்தது, பார்த்தால் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. யாரோ ஆறு மணி நேரம் முன்பு எடுத்துவைத்த ஒரு பிரதியால் பிழைத்தார்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் கதியே இது.

இந்தச் சோதனையை நான் போகி அன்று செய்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது இங்கிருக்கும் டிஸ்க் பையில் போகும், அண்ணன் வீட்டு மேல்தளத்தில் இருப்பது திரும்பிவரும். கிளம்புமுன் ஏதாவது ஐந்து படம், ஒரு வீடியோவைத் திறந்து கடைசிவரை ஓட்டிப் பார்ப்பேன். மேலே ஒட்டிய தாளில் தேதியும், உள்ளே என்ன இருக்கிறது என்றும், பாஸ்வேர்ட் யாரிடம் என்றும் பேனாவால் எழுதியிருக்கிறது. போன வருஷம் வந்த டிஸ்க்கில் ஒரு போல்டர் திறக்கவில்லை. இங்கிருந்ததில் திறந்தது.